வலது ஷிஃப்டை அடைக்கச் சொன்னது யார்

நான் குடிப்பேன் என்று சொன்னது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. காய்ந்த பூ ஏற்றுமதி செய்கிற ஷிப்பர், தன் சரக்கு கப்பல் ஏறாத கோபத்தில் உங்கள் அறைக்கு வந்து கேட்டபோது, என்னைக் காட்டிக் கொடுப்பதுபோல் அதைச் சொன்னீர்கள். பொய் என்று தெரிந்தே சொன்னீர்கள்.

படிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் டாக்குமெண்ட் போடுகிறவன் நான். ஒருவர் சரக்கைக் கன்டெய்னரில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்றால், அதற்கு வேண்டிய விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் அடிப்பது என் வேலை. கன்டெய்னர் நம்பர், பூட்டுகிற சீலின் நம்பர், எடை, கப்பல், போகிற ஊர். ஒரு எண் பிசகினால் துறைமுகக் கேட்டில் லாரி நின்றுவிடும். நீங்கள் என்று நான் சொல்வது அந்த ஆபீஸ் மேனேஜரை. வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் இதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இதை எழுதும்போது அந்த வார்த்தை வர மாட்டேன் என்கிறது.

என் கை நடுங்கும். அது உண்மை. சும்மா மடியில் வைத்திருந்தால் நடுங்காது. ஒன்றை எடுக்கப் போனால், ஒன்றைத் தொடப் போனால் நடுங்கும். டீக்கடையில் எனக்கு அரை கிளாஸ்தான் ஊற்றுவார்கள், முழு கிளாஸ் என்றால் மீதியைச் சட்டை குடிக்கும். பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினேன். பேப்பரில் சுருள் சுருளாக ஒரு கோடு போடச் சொன்னார். போட்டேன். கோழி கிளறிய மண் மாதிரி இருந்தது. பிறகு கேட்டார், "குடிச்சா குறையுதா?"

"நான் குடிச்சதில்ல சார். எப்படித் தெரியும்?"

சில பேருக்கு இந்த நடுக்கம் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்குமாம், அதற்காகக் கேட்டாராம். என் அப்பா குடித்தார். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அந்தச் சோதனை எனக்கு வேண்டாம் என்று சொல்லி, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். மாத்திரை போட்டால் தூக்கம் வரும். பாதியாக உடைத்துப் போடுவேன்.

ஆபீஸில் எல்லோருக்கும் இது தெரியும். கேலியும் உண்டு. பக்கத்து சீட்டில் பில் போடுகிற அம்மாள் என் வாயைப் பிடுங்காமல் ஒரு நாளும் போனதில்லை. "அண்ணாச்சி, ஒங்க கையில ஒரு கொலுசக் கட்டிவிட்டா ஆபீஸுக்கு மியூசிக் செலவு மிச்சம்" என்பாள். நானும் ஏதாவது திருப்பிச் சொல்வேன். அந்தக் கேலியில் விஷம் கிடையாது. என் கை ஏன் ஆடுகிறது என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். டாக்டர் சீட்டை லீவுக்காக உங்களிடம்தான் காட்டினேன்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி டைப் அடித்தேன் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் கஷ்டப்பட்டேன். நான்கு என்ற கீயை ஒரு தடவை அழுத்துவேன். விரல் எழுவதற்குள் ஒரு நடுக்கம் வந்து மறுபடி தொட்டுவிடும். திரையில் இரண்டு நான்கு நிற்கும். அழித்து, அடித்து, மறுபடி அழித்து, ஒரு ஆவணத்துக்கு மற்றவர்கள் எடுக்கிற நேரத்தைவிடக் கூட எடுத்தேன். அப்போது எனக்கு உதவி செய்தது ஆஸ்பத்திரி இல்லை, மக்ரூன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். ஒரு ஷிப்பரின் சரக்கு நல்லபடியாகக் கப்பல் ஏறினால் அவர் ஒரு பெட்டி மக்ரூன் அனுப்புவார், எங்கள் ஊர் முந்திரி இனிப்பு. பெட்டி வந்தால் அது மேசைக்கு மேசை போகும். எல்லோரும் கீபோர்டுக்கு வலது பக்கம்தான் அதை வைப்பார்கள், வலது கையால்தானே சாப்பிடுகிறோம். மக்ரூன் கடித்தால் உதிரும். சீனியும் முந்திரியுமாகப் பொடி விழும். விழுகிற இடம் கீபோர்டின் வலது ஓரம். எங்கள் ஹாலில் ஏசி இல்லை, ஜன்னல் திறந்தே கிடக்கும், கடல் காற்றில் உப்பும் ஈரமும் வரும். சீனிப் பொடியும் உப்பு ஈரமும் சேர்ந்தால் பசை. வலது ஓரத்து ஷிஃப்ட் கீ உள்ளே போனால் மேலே வராது.

அப்படி ஒருநாள் என் ஷிஃப்ட் கீ உள்ளேயே மாட்டிக்கொண்டது. நான் மக்ரூனை மென்றுகொண்டு சும்மா பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. ஒரு கட்டம் வந்தது. ஃபில்டர் கீஸை இயக்கவா என்று கேட்டது. என்ன ஏது என்று தெரியாமல் ஆமாம் என்று கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கை அழுத்தினால் ஒரு நான்குதான் வந்தது. விரல் எத்தனை தரம் ஆடினாலும் ஒன்றுதான். நான் மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்து மறுபடியும் அடித்துப் பார்த்தேன்.

பிறகு அதைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கை நடுங்குகிறவர்களுக்காகவே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற வசதி அது. வலது ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் வரும். மறுபடி அதேபோல் பிடித்தால் போய்விடும். காலையில் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக வலது ஷிஃப்டைப் பிடித்து, சத்தம் வந்ததும் வேலையைத் தொடங்குவேன். என் ஆவணங்களில் தப்பு வந்ததில்லை. இந்தத் துறைமுகத்தில் டாக்குமெண்ட் போடுகிறவனைப் பற்றி யாராவது விசாரித்தால் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். நம்பர் தப்பாமல் போடுவானா, நிதானமாக இருப்பானா. இரண்டுக்கும் என் பெயரைச் சொல்ல ஆள் இருந்தது.

எனக்கு உதவியது மற்றவர்களுக்கு உபத்திரவம். அவர்கள் ஷிஃப்டும் மக்ரூன் பசையில் மாட்டும். கட்டம் வரும். வாசிக்காமல் ஆமாம் கொடுப்பார்கள். நன்றாக அமர்த்தி அழுத்தினால்தான் எழுத்து விழும் என்று ஆகிவிடும். அவர்களோ படபடவென்று தட்டுகிறவர்கள். ஒன்றும் விழாது.

"அண்ணாச்சி, என் கீபோர்டு செத்துட்டு. வந்து பாருங்க."

"மக்ரூன் தின்னியா?"

"ஒண்ணே ஒண்ணு."

"பொய் சொல்லாத ஏளா. பொடி பல்லி முட்டை மாதிரி கெடக்கு."

நான் போய் வலது ஷிஃப்டைப் பிடிப்பேன். உயிர் வந்துவிடும். உங்கள் கீபோர்டும் ஒருநாள் அப்படிச் செத்தது, வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் எதிரே உட்கார்ந்திருந்தபோது. நீங்கள் வேர்த்து வழிந்துகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். நான் சரி செய்துவிட்டு, அவர்கள் போன பிறகு உங்களுக்கு விளக்கமும் சொன்னேன். இது எனக்கு வேண்டியது சார், உங்களுக்கு வேண்டாதது என்றேன். "ஒங்களுக்கு மருந்து, எனக்கு தலைவலியால்லா இருக்கு" என்று சிரித்தீர்கள். சிரித்ததை நான் மறக்கவில்லை. தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் அந்த அப்டேட் வந்தது. எங்கள் கட்டடத்தில் இருக்கிற எல்லா ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் ஒரே சர்வீஸ்காரர்தான் பார்க்கிறார். சனிக்கிழமை நாங்கள் போன பிறகு வந்து எல்லா மெஷினையும் புதிதாக்கிவிட்டுப் போயிருந்தார். திங்கள்கிழமை திரையே வேறு மாதிரி இருந்தது. கீழே இருந்தது நடுவுக்கு வந்திருந்தது. எனக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை. பாஸ்வேர்டு அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். தப்பு. இன்னும் இரண்டு தரம் அடித்ததும் பூட்டிக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி, பாஸ்வேர்ட வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியளா?" என்றாள் பில் போடுகிறவள்.

திரையைக் குனிந்து பார்த்தேன். புள்ளிகளை எண்ணிப் பார்த்தால் பாஸ்வேர்டில் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. எழுத்துகள் இரட்டித்திருக்கின்றன. வலது ஷிஃப்டைப் பிடித்தேன். சத்தம் வரவில்லை. இன்னும் பிடித்தேன். விரல் நகம் வெளுக்கும்வரை பிடித்தேன். ஒன்றும் இல்லை.

முதலில் எனக்குக் கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் வரவில்லை. என் கை மேல்தான் வந்தது. நோய் கூடிவிட்டது, ஷிஃப்டைக்கூட அசையாமல் பிடிக்க முடியாத அளவுக்கு ஆகிவிட்டது என்று நினைத்தேன். பாத்ரூமுக்குப் போய்க் கையை நீட்டி வைத்துப் பார்த்தேன். டீக்கடைக்குப் போய்க் கிளாஸை எடுத்துப் பார்த்தேன். வேஸ்ட் பேப்பரின் பின்பக்கத்தில் டாக்டர் சொன்ன சுருளைப் போட்டுப் பார்த்தேன், ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று. அன்று வீட்டுக்குப் போய் முழு மாத்திரை போட்டேன். மறுநாள் முழுக்கத் தூங்கி வழிந்தேன். அதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறகு ஷிப்பரிடம் சொல்ல உங்களுக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

கீபோர்டில் கோளாறோ என்று அதைக் கழற்றித் தட்டினேன். பழைய பொடியெல்லாம் கொட்டியது. ஊக்கால் கீயைக் கிளப்பித் துடைத்தேன். மாட்டினேன். ஒன்றும் இல்லை. பில் போடுகிறவளின் கீபோர்டை வாங்கி என் மெஷினில் மாட்டினேன். ஒன்றும் இல்லை. கடைசியில் அவள் மெஷினிலேயே உட்கார்ந்து வலது ஷிஃப்டைப் பிடித்தேன். அதிலும் சத்தம் இல்லை. அவளைப் பிடிக்கச் சொன்னேன்.

"நான் எதுக்கு?"

"நீ பிடி. ஒன் கை நடுங்காதுல்லா."

அவள் பிடித்தாள். எட்டு விநாடி தாண்டியும் பிடித்தாள். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கோளாறு என் கையில் இல்லை.

பூட்டு விட்டதும் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, இரட்டித்ததை அழித்து, உள்ளே போய்த் தேடினேன். பழைய இடத்தில் இல்லை. அந்தப் பக்கத்தையே காணோம். வேறு பெயரில், வேறு இடத்தில், மூன்று கதவு தாண்டி உள்ளே இருந்தது. ஃபில்டர் கீஸ் என்ற வரியைக் கண்டுபிடித்து மவுஸால் தட்டினேன். மவுஸும் இந்தக் கையால்தானே பிடிக்க வேண்டும், தள்ளிப் போய் வேறு எதையோ தட்டி, திரை பெரிதாகி, அதைச் சரி செய்து, மறுபடி வந்து தட்டினேன். வந்தது. நான்கு அடித்தேன், ஒரு நான்கு. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அது அணைந்து கிடந்தது. மறுபடி மூன்று கதவு, மறுபடி தட்டு. அதற்கு மறுநாளும் அப்படித்தான். மெஷினை அணைத்துப் போட்டால் போய்விடுகிறது. அந்த வரிக்குக் கீழே ஷிஃப்ட் குறுக்குவழியை இயக்குகிற இன்னொரு வரி இருந்தது. அது சாம்பல் நிறத்தில், தட்டினாலும் அசையாமல் இருந்தது. மேலே பொடி எழுத்தில், இதை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று போட்டிருந்தது. நிறுவனம் என்றால் யார்? எனக்குத் தெரிந்த நிறுவனம் கண்ணாடி அறைக்குள் இருக்கிற நீங்கள்தான். வந்து கேட்டேன்.

"சார், எனக்கு அந்த ஷிஃப்ட் வேலை செய்யல."

நீங்கள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்டேட் வந்தா அப்படித்தான் அண்ணாச்சி. ரெண்டு நாள்ல தன்னால சரியாயிரும்."

"உங்க நிறுவனம் நிர்வகிக்குதுன்னு போட்டிருக்கே சார்."

"அது எல்லாத்துலயும் போடுவான்."

ஜலதோஷம் மாதிரி தன்னால் சரியாகிவிடும் என்றீர்கள். நான் நம்பிவிட்டு வந்தேன். சர்வீஸ்காரருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. காலையில் ஒரு தரம், சாப்பிட்டு வந்து மெஷின் அணைந்திருந்தால் இன்னொரு தரம் என்று அந்த வரியைத் தேடித் தட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு நம்பர் அடித்த பிறகும் விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். எங்கே இரட்டித்திருக்கிறதோ என்று சாப்பிடும்போதும் யோசனை. வீட்டில் போன் நம்பர் அடித்தால்கூட அதையும் சரி பார்த்தேன். "என்ன, போனுலயும் கப்பல் ஏத்துதியளா?" என்றாள் என் மனைவி.

அந்த நாளுக்கு வருகிறேன். காய்ந்த பூ சரக்கு. அன்று மத்தியானத்துக்குள் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போக வேண்டும், பிறகு அந்தக் கப்பலுக்கு எடுக்க மாட்டார்கள். விவரங்களை அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி வெகுநாளாகவே சரியில்லை. மெஷின் அணைந்து எழுந்தது. ஃபில்டர் கீஸ் போயிருந்தது. லாரி டிரைவர் போனில் கத்துகிறார். நீங்கள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றீர்கள்.

"போடுங்க, போடுங்க அண்ணாச்சி. லாரி லைன்ல நிக்கி."

"ஒரு நிமிஷம் சார். அந்த செட்டிங்க மட்டும் போட்டுக்கிடுதேன்."

"அதெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம். மொதல்ல நம்பர அடிங்க."

அடித்தேன். கன்டெய்னர் நம்பரில் ஒரு தப்பு விழுந்தால் கம்ப்யூட்டரே பிடித்துவிடும், அந்த நம்பருக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் ஒரு எண் இரட்டித்தது, சிவப்புக் காட்டியது, திருத்தினேன். சீல் நம்பருக்கு அந்தக் கணக்குக் கிடையாது. அடித்தது எதுவோ அதை ஏற்றுக்கொள்ளும். நடுவில் இரண்டு நான்கு இருக்க வேண்டிய நம்பர். மூன்று நான்கு விழுந்திருக்கிறது. வரிசையாக நிற்கிற நான்குகளில் ஒன்று கூடினால் அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை. இதில் இன்னொன்றும் உண்டு. நான் அடித்ததை நீங்கள் பார்த்துச் சரி என்று கொடுத்தால்தான் அது வெளியே போகும். இரண்டாவது கண் உங்களுடையது. என் தோளுக்கு மேல் எட்டி, நீங்களே மவுஸைப் பிடித்துத் தட்டினீர்கள். பார்த்துத் தட்டினீர்களா என்று எனக்குத் தெரியாது.

கேட்டில் சீல் நம்பர் ஒத்துப்போகவில்லை. லாரியை ஓரங்கட்டினார்கள். பெட்டி வழியில் திறக்கப்பட்டதோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் ஒருவரும் உள்ளே விட மாட்டார்கள், அது நியாயம்தான். திருத்தம் போட்டு, கையெழுத்து வாங்கி, ஆளை அனுப்பி அலைந்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. கப்பல் போய்விட்டது. பூப்பெட்டி இந்தப் பக்கமே நின்றது.

மறுநாள் காலையில் என் சீட்டில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "கொஞ்ச நாள் வெளி வேலை பாருங்க அண்ணாச்சி, ஒங்களுக்கும் ஒரு மாத்தமா இருக்கும்" என்றீர்கள். வெளி வேலை என்றால் யார்டு. கன்டெய்னரில் சரக்கு அடைக்கிற இடத்தில் நின்று மேற்பார்வை. கீபோர்டு கிடையாது. நிழலும் கிடையாது. ஆடிக் காற்று உப்பளப் பக்கத்துப் புழுதியை எல்லாம் கண்ணில் கொண்டுவந்து போடுகிற நாட்கள். அங்கே நிற்க எனக்கு வெட்கமில்லை. நிற்கிறவர்கள் எல்லாம் உழைக்கிறவர்கள். ஆனால் எனக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பேன். திரும்பி வருவேன். பெட்டிகளில் எழுதியிருக்கிற நம்பர்களை வாய்க்குள் வாசிப்பேன்.

அங்கேதான் பூ ஷிப்பர் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தோளில் கையைப் போட்டுத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர்.

"இங்கேருவே, நான் தப்பா நெனைக்கல. எங்க கம்பெனியில ஒருத்தனுக்கும் இப்படித்தான் கை ஆடும். திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போயி மாலை போட்டுவிட்டேன். இப்ப தொடுததே இல்ல."

"எத அண்ணாச்சி?"

"அதத்தான்."

"நான் எதையும் தொட்டதில்லயே."

"எல்லாரும் அப்படித்தான சொல்லுவாவ. ஒங்க மேனேஜர் சொல்லிட்டாரு, விடும். அண்ணாச்சிக்கு அந்தப் பழக்கம் உண்டு, நாங்களும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தோம்னாரு. வயசான காலத்துல எதுக்கு? காலையிலயாவது போடாம இரும்."

நான் என்ன சொன்னாலும் அது குடிகாரன் பேச்சாகத்தான் கேட்கும் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. டாக்டர் பேரைச் சொன்னேன். சரி சரி என்று தட்டிக் கொடுத்தார். கோபத்தில் கை இன்னும் ஆடியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பாவம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே சர்வீஸ்காரரைத் தேடிப் பிடித்தேன். அடுத்த தெருவில் இன்னொரு ஆபீஸில் மேசைக்கு அடியில் குனிந்து ஒயரை மாட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியிலேயே வைத்துக் கேட்டேன்.

"என் வலது ஷிஃப்ட அடைச்சது யாரு?"

"அய்யய்ய, அண்ணாச்சியா? எந்திரிக்க விடுங்க, தலையில இடிக்கும்."

எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, ஒளிக்காமல் சொன்னார். "நான் அடைச்சேன். ஒங்க மேனேஜர் சொல்லி அடைச்சேன். அப்டேட் போடும்போது, மக்ரூன் தின்னுட்டு பூராப் பேரும் கீபோர்டு சாவுது சாவுதுங்காவ, அந்தச் சனியன எல்லா மெஷின்லயும் மொத்தமா அடைச்சிருன்னாரு. மறுபடி எவனும் போட்டாலும் காலையில அணையுத மாதிரி வைன்னாரு."

"எனக்கு வேணும்னு ஒமக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஆனா கேட்டேன் அண்ணாச்சி, பொய் சொல்லல. இது கை முடியாதவங்களுக்கு உள்ளது, ஒங்க ஆபீஸ்ல யாருக்கும் வேணுமா, ஒரு மெஷின மட்டும் விட்டுரவான்னு கேட்டேன். ஒருத்தருக்கும் வேண்டாம்னாரு."

ஒருத்தருக்கும் வேண்டாம். அதை இரண்டாவது தரமும் அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மறந்துவிட்டீர்கள் என்று முதலில் நினைத்துப் பார்த்தேன். சரி, மறந்திருக்கலாம். மக்ரூன் பெட்டியை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை, கீபோர்டுக்குப் பக்கத்தில் தின்னாதே என்று சொல்ல வரவில்லை, ஷிஃப்டை அடைப்பது சுலபமாக இருந்தது. அதுவரை பொறுத்துக்கொள்வேன். ஆனால் நான் வந்து என் ஷிஃப்ட் வேலை செய்யவில்லை என்று உங்கள் மேசைக்கு முன்னால் நின்றேனே, அப்போதுமா ஞாபகம் வரவில்லை? தன்னால் சரியாகிவிடும் என்றீர்களே?

மறுநாள் உங்கள் அறைக்கு வந்தேன். கதவைச் சாத்தச் சொன்னீர்கள். நான் சாத்தவில்லை. நீங்களே எழுந்து வந்து சாத்தினீர்கள்.

"சர்வீஸ்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு சார்."

பேனா மூடியைத் திருகினீர்கள். "பெருசு பண்ணாதிய அண்ணாச்சி. ஒங்க மெஷின்ல மட்டும் தொறந்துவிடச் சொல்லுதேன். அடுத்த மாசம் நீங்க சீட்டுக்கு வந்துருங்க. போதும்லா?"

"நான் குடிக்கேன்னு சொன்னது?"

"அது ஷிப்பர் கோவமா இருந்தாரு. ஏதாவது சொல்லி அனுப்பணும்லா. ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"அவருட்ட போயி இல்லன்னு சொல்லுங்க."

"எப்படி அண்ணாச்சி? அப்ப தப்பு யாரு மேலன்னு கேப்பாருல்லா?"

அதுதான் விஷயம். உங்கள் மேல் வரக்கூடாது என்பதற்கு என் பெயர் வேண்டியிருந்தது. இதை நீங்கள் வாயால் சொன்னீர்கள், நான் காதால் கேட்டேன், வெளியே யாருக்கும் கேட்காதபடி கதவு சாத்தியிருந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்காமல் கேட்டாள். "சீட்டு குடுக்கேன்னு சொல்லுதாருல்லா, வாங்கிட்டு உக்காருங்க. ஊரு வாயெல்லாம் அடைக்க முடியுமா?" அவள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிற நேரம் இது. வேலையில்லாமல் நான் நிற்க முடியாது. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் என்னால் சும்மா சீட்டில் போய் உட்கார முடியாது. விசாரிக்கிறவர்கள் துறைமுகத்தில்தான் விசாரிப்பார்கள். "ஆளு எப்படி?" என்பார்கள். ஷிப்பருக்குத் தெரிந்தது யார்டுக்குத் தெரிந்திருக்கிறது. போன வாரம் அங்கே ஒரு லோடுமேன் என்னைப் பார்த்து, வாயருகே கட்டைவிரலை ஆட்டிச் சிரித்தான். திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போன என் மனைவியிடம் ஒருத்தி, "ஒங்க வீட்டுக்காரரு இப்ப விட்டுட்டாராமே" என்று நலம் விசாரித்திருக்கிறாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லும்போது அடுத்த அறையில் இருந்து கேட்டேன். கேட்டுவிட்டு வெளியே போய் ரோட்டில் நடந்தேன். எங்கே போகிறேன் என்றில்லை. உப்பு லாரிகள் போகிற பக்கமாக நடந்து, திரும்பி வந்தேன்.

ஷிஃப்டைத் திறந்துவிடுவது சர்வீஸ்காரருக்குச் சின்ன வேலை. என் டைப் வேலை அதில் சரியாகிவிடும். நீங்கள் பேசியது தனியறையில். அது வெளியே போய் ஊரெல்லாம் திரிகிறது. அதைத் தனியறையில் வைத்துத் திரும்ப வாங்க முடியாது. எனக்கு ஒரு கன்டெய்னர் நம்பரைத் திருத்தத் தெரியும். திருத்தம் போட்டால், பழைய நம்பர் போன எல்லா இடத்துக்கும் புது நம்பர் போக வேண்டும். ஒரு இடத்துக்குப் போகாவிட்டாலும் பெட்டி நிற்கும். இதுவும் அப்படித்தான். நீங்கள் சொன்னது எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இந்தத் திருத்தமும் போக வேண்டும்.

கிளியரிங் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் சேருகிற வருடக் கூட்டம் வருகிறது. ஷிப்பர்களும் வருவார்கள். பூ ஷிப்பரும் வருவார். எங்களைப் போன்ற ஆபீஸ் ஆட்களையும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள், நாங்கள் பின் வரிசையில் இருப்போம். வழக்கம்போல் உங்களிடம் மைக்கைக் கொடுப்பார்கள், நீங்களும் வழக்கம்போல் நன்றி சொல்ல எழுந்திருப்பீர்கள். நான் அன்று காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பேன். என் கை ஆடிக்கொண்டிருக்கும், எல்லோரும் பார்க்கட்டும். என்னிடம் சீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், பரிகாரம் பேச வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட வேண்டாம். நான் குடிப்பதை நீங்கள் எப்போதாவது பார்த்தீர்களா? பார்க்காமல் ஏன் சொன்னீர்கள்? ஒருத்தருக்கும் வேண்டாம் என்று என் ஷிஃப்டை அடைக்கச் சொன்னது நீங்களா, இல்லையா? மைக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த ஷிப்பரின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி பதில் சொல்லுங்கள்.